கூடுதல் பரிமாணங்கள்: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எந்தக் கோட்பாட்டை எடுப்பது?

டிசம்பர் பிறந்தால் எனக்கு வரும் செய்திகளில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. "மேடம், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குக் கூடுதல் பரிமாணம் எடுக்கலாம்னு இருக்கேன். அதுலயே நாலஞ்சு கோட்பாடு இருக்கு. எதை எடுக்கறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் சென்னைக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள். கையில் இருப்பது நான்கு மாதம். நடுவில் கேட், ஜெஸ்ட் தேர்வுகள் வேறு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளோடு காலத்தையும் சேர்த்தால் நான்கு பரிமாணங்கள். அதற்கு மேலும் திசைகள் இருக்கலாம் என்பதுதான் இந்தக் கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தொடக்கம். அதற்கப்புறம் ஒவ்வொன்றும் வேறு வழியில் போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், அந்தக் கோட்பாடு எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று பாருங்கள். ஈர்ப்பும் மின்காந்தமும் ஒன்றுதானா என்று கேட்டவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் கலூசா. 1998, 1999-இல் வந்த கோட்பாடுகள் ஈர்ப்பு ஏன் மற்ற விசைகளைவிட இவ்வளவு பலவீனமாக இருக்கிறது என்று கேட்டன. துகள்களை அதிரும் சின்ன இழைகளாகப் பார்க்கும் ஸ்ட்ரிங் தியரியில் கூடுதல் பரிமாணத்தை யாரும் விரும்பிச் சேர்க்கவில்லை. கணக்கு முரண்படாமல் இருக்க வேண்டுமென்றால் அது இருந்தே ஆக வேண்டும் என்று வந்து நின்றது. இந்த மூன்றில் எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

அடுத்தது, உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்பது. பொதுச் சார்பியலா (ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு), குவாண்டம் புலக் கோட்பாடா (துகள்களின் கோட்பாடு), இரண்டுமா? மூன்றாவது, பரிசோதனை அந்தக் கோட்பாட்டை எங்கே தொடுகிறது? வைவாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

நான் எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுப்பது வேறு ஒன்றுக்கு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை உங்கள் கையாலேயே போட்டு முடிக்கக்கூடிய ஒரு முழுக் கணக்கு அதில் இருக்கிறதா? நாற்பது கட்டுரைகளைப் படித்துச் சுருக்கி எழுதிய ப்ராஜெக்ட்டைவிட, ஒரே ஒரு கணக்கை நேர்மையாக முடித்த ப்ராஜெக்ட் உங்களோடு நீண்ட நாள் வரும்.

## கலூசா–க்ளைன்: ஒரு சின்ன வட்டம்

1919-இல் தியோடர் கலூசா ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். பொதுச் சார்பியலை நான்குக்குப் பதில் ஐந்து பரிமாணங்களில் எழுதினால், மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் தாமாகவே அதற்குள்ளிருந்து வெளியே வருகின்றன என்பதுதான் அதன் சாரம். அது அச்சேற 1921 ஆனது. ஐந்தாவது திசை ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கு 1926-இல் ஆஸ்கர் க்ளைன் பதில் சொன்னார்: அது 10-இன் மைனஸ் 30-ஆம் அடுக்கு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கிறது.

போன வருடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு மாணவியோடு இதைப் போட்டுப் பார்த்தேன். நோட்டில் ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்தாள். தூரத்தை அளக்கும் எண்களின் அட்டவணையான மெட்ரிக் சமச்சீரானது, அதனால் மூலைவிட்டமும் அதற்கு மேலே இருப்பதும் போதும், எண்ணினால் 15. நான்குக்கு நான்கு பகுதியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள்: 10, அது நம் வழக்கமான ஈர்ப்பு. கடைசி நெடுவரிசையில் நான்கு கட்டங்கள். அங்கே பென்சில் நின்றது. "மேடம், மின்காந்தத்துக்கும் நாலுதானே?" என்றாள். ஆமாம், அந்த நான்குதான். மூலையில் ஒரு கட்டம் மீதி இருந்தது. அதில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அந்தக் கேள்விக்குறிதான் இந்தக் கோட்பாட்டின் மறைமுகச் செலவு. மூலையில் மீந்த அந்த ஒன்று ஒரு ஸ்கேலார் புலம், அதாவது ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு எண்; வட்டத்தின் அளவைச் சொல்வது அதுதான். அதை மாறிலி என்று வைத்துவிட்டால் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் அழகாக வரும், ஆனால் அப்படி வைக்க அந்தப் புலத்தின் சொந்தச் சமன்பாடு இடம் கொடுப்பதில்லை. இரண்டாவது சிக்கல், வட்டத்தைச் சுற்றும் உந்தம்தான் நமக்கு மின்னூட்டமாகத் தெரிகிறது. உந்தம் முழு எண்களாகத்தான் வரும் என்பதால் மின்னூட்டம் ஏன் ஒரே அலகின் மடங்குகளாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் கிடைக்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். ஆனால் அதே கணக்கு எலக்ட்ரானின் நிறையைச் சொல்லும்போது உண்மையான நிறையைவிட இருபது சுழியங்களுக்கும் மேல் தவறிப்போகிறது.

யாருக்கு இது பொருந்தும்? பொதுச் சார்பியல் ஒரு செமஸ்டர் படித்திருந்து, குவாண்டம் புலக் கோட்பாடு இன்னும் கைவராதவர்களுக்கு. கணக்கு முழுமையானது, மூன்று வாரத்தில் முடிந்துவிடும். மீதி நாட்களில், இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் 1981-இல் காட்டிய இடம் வரை போகலாம்: ஈர்ப்பு தவிர இன்று தெரிந்த மற்ற மூன்று விசைகளின் சமச்சீரையும் இந்த வழியில் பெறக் குறைந்தது ஏழு கூடுதல் பரிமாணங்கள் வேண்டும், மொத்தம் 11. புதிய ஆராய்ச்சி என்று காட்ட இதில் இடம் குறைவு. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

## பெரிய பரிமாணங்கள்: தண்ணீர் லாரிக் கணக்கு

1998-இல் அர்க்கனி-ஹமேட், டிமோபோலஸ், ட்வாலி என்ற மூவர் எழுதிய யோசனை இது. கோடையில் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் 12,000 லிட்டரைக் குறுகலான வடிகாலில் திறந்துவிட்டால் முழங்கால் அளவுக்கு ஓடும். அதே தண்ணீரை மைதானத்தில் திறந்துவிட்டால் தரை ஈரமாவதோடு சரி. ஒளியும் மற்ற விசைகளும் நம் மூன்று பரிமாணம் என்ற வடிகாலுக்குள்ளேயே ஓடுகின்றன. ஈர்ப்பு மட்டும் கூடுதல் பரிமாணங்கள் என்ற மைதானத்தில் பரவிவிடுகிறது. ஆக, ஈர்ப்பு அடிப்படையில் பலவீனமானது இல்லை, பரவிப் பரவி மெலிந்துவிட்டது.

இதன் கணக்கு ஒரே பக்கம். ஈர்ப்பு வலுவாகும் உண்மையான ஆற்றல் அளவுகோல் ஒரு டெரா எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொண்டு, கூடுதல் பரிமாணத்தின் அளவு என்ன என்று கேளுங்கள். ஒரே ஒரு கூடுதல் பரிமாணம் என்றால் அது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் அளவுக்கு வரும். கோள்களின் சுற்றுப்பாதையே மாறியிருக்க வேண்டும், அதனால் அது தள்ளுபடி. இரண்டு என்றால் மில்லிமீட்டரும் அதற்குக் கீழும். மூன்று என்றால் நானோமீட்டர் அளவு. அந்த 1998-இல், மில்லிமீட்டருக்குக் கீழே நியூட்டனின் விதியை யாரும் சரியாகச் சோதித்திருக்கவில்லை! எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். முந்நூறு ஆண்டுப் பழைய விதி, நம் நகத்தின் தடிமன் அளவில் சோதிக்கப்படாமல் கிடந்தது.

அப்புறம் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் யோட்-வாஷ் குழு முறுக்குத் தராசை வைத்து இறங்கியது. 2020-இல் அவர்கள் 52 மைக்ரான் இடைவெளி வரை பார்த்துவிட்டார்கள். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நியூட்டன் அங்கேயும் சரியாகவே இருந்தார். ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி.யில், ஈர்ப்பைச் சுமக்கும் துகளான கிராவிட்டான் கூடுதல் பரிமாணத்துக்குள் தப்பிப் போனால் ஒரு பக்கம் ஆற்றல் காணாமல் போக வேண்டும்; அதைத் தேடியும் கிடைக்கவில்லை.

இன்னொரு சோதனை வானத்திலிருந்து வந்தது. 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவாவிலிருந்து பூமியின் கருவிகள் பிடித்தவை சுமார் இரண்டு டஜன் நியூட்ரினோக்கள்தான். அவை பத்து நொடிக்கு மேல் பரவி வந்து சேர்ந்தன. கூடுதல் பரிமாணங்களுக்குள் கிராவிட்டான்கள் ஆற்றலை அள்ளிக்கொண்டு போயிருந்தால் அந்த விண்மீன் சீக்கிரமே குளிர்ந்து, நியூட்ரினோ வரவு முன்னதாகவே நின்றிருக்கும். இரண்டு கூடுதல் பரிமாணங்கள் என்ற நிலைக்கு முறுக்குத் தராசைவிடக் கடுமையான கட்டுப்பாட்டைப் போடுவது இந்த இரண்டு டஜன் துகள்கள். நல்ல ப்ராஜெக்ட் வேண்டுமா? இந்த ஒரு மதிப்பீட்டை மட்டும் முழுதாகச் செய்யுங்கள்.

மறைமுகச் செலவு இரண்டு. கோட்பாட்டில், ஈர்ப்பு ஏன் பலவீனம் என்ற கேள்வி பரிமாணம் ஏன் இவ்வளவு பெரியது என்ற கேள்வியாக மாறி நிற்கிறது. தீர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நடைமுறையில், எல்.எச்.சி. பக்கம் போனால் மேட்கிராஃப், பித்தியா போன்ற மென்பொருள்களை நிறுவிக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் போய்விடும். கோடிங் பிடித்தவர்களுக்கு அது செலவே இல்லை. பரிசோதனையோடு நேரடியாக மோத வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் இதையே எடுக்கலாம்.

## ராண்டல்–சுந்தரம்: வளைந்த ஐந்தாவது திசை

லிசா ராண்டலும் ராமன் சுந்தரமும் 1999-இல் இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். கூடுதல் பரிமாணம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் சின்னதுதான். ஆனால் அது வளைந்திருக்கிறது. மயிலாப்பூர் கோபுரத்தில் ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடக் குறுகிக்கொண்டே போவதைப் போல, ஐந்தாவது திசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் போக எல்லா ஆற்றல் அளவுகளும் ஒரே விகிதத்தில் சுருங்குகின்றன. விகிதம் மாறாமல் சுருங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளை எடுத்துப் பாருங்கள்: பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று 53 முறை போனால் 10-இன் 16-ஆம் அடுக்கு மடங்கு சிறிதாகிவிடும். ஈர்ப்பின் அளவுகோலுக்கும் ஹிக்ஸ் துகளின் அளவுகோலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மிகப் பெரிய எண்ணைக் கையால் போடாமல், 37 என்ற சாதாரண எண் அடுக்கில் ஏறி அதைக் கொண்டுவந்துவிடுகிறது.

மாணவர்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். காரணம், கணக்கின் நீளம் சரியாக ஒரு செமஸ்டருக்குப் பொருந்துகிறது. மெட்ரிக்கை எழுதி, ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட்டு, இரண்டு முனைகளிலும் சுவர்கள் போல இருக்கும் பிரேன்களின் இழுவிசை சம அளவாகவும் எதிர்க்குறியாகவும் இருக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது ஆறேழு பக்கம். அடுத்தது கிராவிட்டானின் அலைச் சமன்பாடு. அங்கேதான் சுவாரசியம்.

கூடுதல் திசையில் அதிரும் அலைகள் நமக்குக் கனமான துகள்களாகத் தெரியும். க்ளைனின் வட்டத்தில் அந்தத் துகள்களின் நிறைகள் 1, 2, 3 என்ற விகிதத்தில் அடுக்கடுக்காக வரும். வீணைத் தந்தியின் அதிர்வெண்களும் அப்படித்தான். பெரிய பரிமாணங்களில் அந்தப் படிகள் மிகவும் நெருங்கி, ஒரு பூச்சு போலத் தெரியும். ராண்டல்–சுந்தரத்தில் வரும் எண்கள் 3.83, 7.02, 10.17. இவை ஒரு பெசல் சார்பின் சுழிகள், அதாவது அந்தச் சார்பு பூஜ்யமாகும் இடங்கள். இந்த எண்களைக் கேட்க ஒரு பறை போதும். சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலில், நடுவே ஒரு குறுக்குக்கோடு மட்டும் அசையாமல் நிற்கும்படி அதிரும் வகையை எடுத்துக்கொண்டால், அதன் அதிர்வெண்களும் அதற்கு மேல் வரும் வளையங்களின் அதிர்வெண்களும் இதே விகிதத்தில் இருக்கும். தந்தியைப் போல முழு எண்களாக வராததால்தான் வெறும் தோலில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் நடுவில் கருப்பாகப் பூசுவது அந்த அதிர்வெண்களை இழுத்து முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவரத்தான் என்று 1920-இல் நேச்சர் இதழில் விளக்கியவர் நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். மார்கழிக் கச்சேரிக்குப் போகும்போது இதை நினைத்துப் பாருங்கள். எல்.எச்.சி.யில் ஒரு நாள் இரண்டு புதிய கனமான துகள்கள் கிடைத்தால், அவற்றின் நிறை விகிதம் 2 என்று வருகிறதா, 1.83 என்று வருகிறதா என்பதே பரிமாணத்தின் வடிவத்தைச் சொல்லத் தொடங்கிவிடும்.

கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் 750 கிகா எலக்ட்ரான்வோல்ட் அருகே இரண்டு ஃபோட்டான்களாகச் சிதையும் ஏதோ ஒன்று தெரிந்தது. ராண்டல்–சுந்தரம் கிராவிட்டானாக இருக்குமோ என்பது உட்பட நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2016 ஆகஸ்ட்டில், கூடுதல் தரவுகள் சேர்ந்ததும், அந்த மேடு மறைந்துவிட்டது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், இரண்டு முனைகளுக்கு நடுவிலான தூரம் ஏன் அந்த அளவில் நிற்கிறது என்று அடிப்படைக் கோட்பாடு சொல்வதில்லை. அதற்குக் கோல்ட்பெர்கர், வைஸ் இருவரும் 1999-இல் கொடுத்த வழியைத் தனியாகப் படிக்க வேண்டும். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பிரேன் இருக்கும் இடத்தில் வரும் டெல்டா சார்பில் குறிப்பிழை செய்யாதவர்களை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, இது மால்டசேனா 1997-இல் முன்வைத்த ஹோலோகிராஃபிக் தொடர்போடு (ஈர்ப்புள்ள உலகத்தை அதன் விளிம்பில் இருக்கும் ஈர்ப்பில்லாத கோட்பாட்டோடு இணைப்பது) ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு முறை போனால் திரும்பி வருவது கடினம். ப்ராஜெக்ட் முடியும் வரை அந்தக் கதவைத் திறக்காதீர்கள்.

## ஸ்ட்ரிங் தியரி: ஆறு பரிமாணங்களின் வடிவம்

நான் எம்.எஸ்சி. படித்தபோது எடுத்தது இதைத்தான். பெயரின் ஈர்ப்பில் எடுத்தேன். குவாண்டம் புலக் கோட்பாடு பாதிதான் தெரியும். நான்கு மாதத்தில் மூன்றரை மாதம், மிக எளிய வகை இழையைக் குவாண்டமாக்கி 26 பரிமாணங்கள் ஏன் வருகின்றன என்ற இடத்துக்கு வந்து சேரவே சரியாகப் போனது. நான் கேட்க நினைத்த கேள்வி, ஆறு பரிமாணங்கள் எப்படிச் சுருள்கின்றன என்பது. அதன் வாசல்வரைகூடப் போகவில்லை. வைவாவில் என் கேள்வியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

கோட்பாடு சொல்வது இது: எலக்ட்ரான் போன்ற துகள்களையும் சேர்த்துக்கொள்ளும் சூப்பர்ஸ்ட்ரிங் 10 பரிமாணங்களில்தான் முரண்படாமல் நிற்கும். நான்கு போக மீதி ஆறும் கலாபி–யாவ் வடிவங்களாகச் சுருண்டிருக்கலாம் என்று கேண்டலஸ், ஹாரோவிட்ஸ், ஸ்ட்ராமிஞ்சர், விட்டன் 1985-இல் காட்டினார்கள். மிக எளிய வகையில், குவார்க்குகளும் எலக்ட்ரான் வகைத் துகள்களும் எத்தனை தலைமுறையாக வரும் என்பது அந்த வடிவத்தின் ஆய்லர் எண்ணில் (வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத ஒரு முழு எண்) பாதி, குறியை விட்டுவிட்டால். நமக்குத் தெரிந்தவை மூன்று தலைமுறை. மிகவும் பெயர்பெற்ற கலாபி–யாவ் வடிவத்தின் ஆய்லர் எண் மைனஸ் 200, அதாவது 100 தலைமுறை. மைனஸ் 200 வரும் அந்தக் கணக்கை ஒரு எம்.எஸ்சி. மாணவர் இரண்டு மாதத்தில் செய்ய முடியும். எனக்கு அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் முழு ஸ்ட்ரிங் தியரியையும் கற்க முயலாமல் இந்த ஒன்றை எடுத்திருப்பேன்.

செலவு வெளிப்படையானதுதான்: புலக் கோட்பாடு, பொதுச் சார்பியல், குலக் கோட்பாடு மூன்றும் வேண்டும், கொஞ்சம் டோபாலஜியும். பரிசோதனை எட்டாத தூரத்தில் இருக்கிறது. சுருளும் விதங்களின் எண்ணிக்கைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பு 10-இன் 500-ஆம் அடுக்கு. அதில் நம் பிரபஞ்சம் எது என்று தேர்வுசெய்ய வழி இல்லை. பரிமாணங்களின் அளவை நிலைநிறுத்துவது பற்றிய 2003-ஆம் ஆண்டின் முக்கியமான கட்டுரையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதியும் ஒருவர் என்பதால், இந்தியாவில் இந்தத் துறை ஆழமாகவே வேரூன்றியிருக்கிறது. பிஎச்.டி. இதில்தான் என்று முடிவாகி, தினமும் சந்திக்கக்கூடிய கைடும் இருந்தால் தயங்க வேண்டாம்.

## மற்ற இரண்டு, சுருக்கமாக

எல்லாத் துகள்களும் கூடுதல் பரிமாணத்தில் உலாவலாம் என்ற 2001-ஆம் ஆண்டுக் கோட்பாடு, பிரபஞ்சத்தில் ஒளி விடாமல் இருக்கும் கரும்பொருளுக்கு ஒரு நல்ல துகளைக் கொடுக்கிறது. துகள் இயற்பியல் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மான்டெரோ, வாஃபா, வலென்சுவேலா 2022-இல் முன்வைத்த இருண்ட பரிமாணம் இப்போது பேச்சில் இருக்கிறது: பிரபஞ்சத்தை வேகமாக விரியச் செய்யும் இருண்ட ஆற்றலின் மிகச் சிறிய மதிப்பிலிருந்து மைக்ரான் அளவிலான ஒரே ஒரு பரிமாணத்தை அது ஊகிக்கிறது. முறுக்குத் தராசு எட்டிவிடும் தூரம்! படியுங்கள், ஆனால் ப்ராஜெக்ட்டின் கடைசி அத்தியாயத்தில் மட்டும் வையுங்கள்.

## கைடு, நூலகம், நாட்கள்

1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கி, இப்போது தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், அதற்கு அருகிலேயே ஐ.ஐ.டி., கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலையின் கோட்பாட்டு இயற்பியல் துறை, ஓ.எம்.ஆரில் இன்னும் தள்ளி சிறுசேரியில் சி.எம்.ஐ. (சென்னை கணிதக் கழகம்). இத்தனையும் ஒரே ஊரில் இருப்பது பெரிய வரம். வெளிக் கைடுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது "கூடுதல் பரிமாணங்களில் ஆர்வம்" என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் போட்ட ஒரு பக்கக் கணக்கை இணைத்து, எங்கே சிக்கியது என்று எழுதுங்கள். 1998-இலும் அதற்குப் பிறகும் வந்த, நான் சொன்ன கோட்பாட்டுக் கட்டுரைகள் ஆர்கைவ் (arXiv) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னும் முடிவுசெய்ய முடியவில்லை என்றால், ஒரு வாரம் எடுத்துக்கொண்டு அந்த 15 கட்டங்களை நீங்களே நிரப்புங்கள். மூலையில் மீந்த ஒன்று உங்களை உறுத்தினால் அதன் பின்னாலேயே போங்கள். கோல்ட்பெர்கர்–வைஸ் வரை அது கொண்டுபோய் விடும். வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று கேட்கத் தோன்றினால் சூப்பர்நோவாக் கணக்கு. ஏன் வட்டம், வேறு வடிவம் ஏன் இல்லை என்று தோன்றினால் கலாபி–யாவ்.

கோட்டூர்புரத்து மாணவி மூலையின் பின்னால்தான் போனாள். மார்ச் மாதம் ஒரு இரவு, பதினொரு மணிக்கு, நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கடைசி வரியில் 3.83 என்று எழுதி இரண்டு முறை வட்டமிட்டிருந்தாள். மேலே ஒரு குறி மட்டும் தப்பு. அதைத் திருத்தி அனுப்பினேன்.